எனக்குத் திருமணம் நடந்தது குறித்து மைத்துனருக்கு

நோரிஸ் சாலை,
சிங்கப்பூர் 8.
4 பிப்ரவரி 1962, ஞாயிறு, காலை மணி 10.20

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் முத்துசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் கோவிந்தசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்களும், அன்னம்மா அண்ணியும், அண்ணியின் இடது முழங்காலும் ஈப்போவில் நலமாக இருக்க விழைகிறேன். இங்கே நானும் ரத்தினம்மாவும் மகள் லீலாவும் நலம். நலம் என்ற சொல்லை உடல்நலம் என்ற பொருளில் மட்டுமே இங்கு எழுதியிருக்கிறேன். மற்றவை கீழே வருகின்றன. நாளை சீனப் புத்தாண்டு. காலையிலிருந்து தெருவில் பட்டாசு வெடிப்பதால் கையெழுத்து ஆங்காங்கே துள்ளியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் தயவுசெய்து ஈப்போவில் சத்தியப் பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரி ஒருவரிடம் சென்று, எனக்கும் தங்கள் தங்கைக்கும் 1936ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் நாள் புதன்கிழமை திருமணம் நடந்தது என்று எழுதிக் கையொப்பமிட்டு, இம்மாதம் இருபதாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்குமாறு அனுப்பவேண்டும். பதறவேண்டாம். ரத்தினம்மா நலமாக, பக்கத்து அறையில், ரெடிஃபியூஷன் வானொலிப் பெட்டியைத் தனக்குப் பிடித்த சத்தத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தச் சத்தமும் வழக்கின் ஒரு பகுதி, அதையும் சொல்கிறேன்.

லீலா புக்கித் தீமாவில் உள்ள பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பது தாங்கள் அறிந்ததே. பெண்ணுக்குச் சட்டம் எதற்கு, ஆசிரியப் பயிற்சி போதாதா என்று தாங்கள் அப்போது எழுதிய கடிதம் என் கோப்பில் இருக்கிறது. அதற்கு நான் எழுதிய மறுப்பின் நகலும் இருக்கிறது. அந்த மறுப்பை இப்போது எடுத்துப் படித்தால் சற்றே கூச்சமாக இருக்கிறது. சென்ற செப்டம்பரில் மாதர் சாசனம் என்ற புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தில் வேறு பேச்சே கிடையாது என்கிறாள். மாணவியர் விடுதியில் சாசனத்தின் ஒரே ஒரு பிரதி அறைக்கு அறை கைமாறி, அட்டை கிழிந்து, கறை படிந்து, தொடர்கதை போல ஓடுகிறதாம். சிற்றுண்டிச் சாலையில் ஒரு மருத்துவ மாணவன் தன் சிநேகிதியிடம் மனத்தைத் திறந்து ஏதோ சொல்ல, அவள் அதை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறாள். அவன் அன்றிலிருந்து வேறு வாசல் வழியாக வகுப்புக்குப் போகிறானாம். ஜனவரி முதல் நாள் பல்கலைக்கழகத்தின் பெயரே மாறியபோது, பழைய பெயரில் சேர்ந்தவர்கள் புதிய பெயரில் பட்டம் பெறலாமா என்று நான்கு நாள் வாதம் நடந்தது. இந்தக் காய்ச்சல் வாரக் கடைசியில் லீலாவோடு பேருந்தேறி வீட்டுக்கும் வந்துவிடுகிறது. ரத்தினம்மா முருங்கைக்காய் நறுக்கும்போது லீலா பக்கத்தில் உட்கார்ந்து சாசனத்தைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறாள். குடும்பத்தை நடத்துவதில் கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது வாசிக்கப்பட்ட மாலையே, ரெடிஃபியூஷன் பெட்டியின் திருகில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் பென்சிலால் இட்டிருந்த கோடு ஈரத்துணியால் துடைக்கப்பட்டது.

இவ்வளவோடு நின்றிருந்தால் தங்களுக்குத் தொல்லை கொடுத்திருக்கமாட்டேன். ஜனவரி பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை சட்ட மாணவர்கள் ஒரு மாதிரி நீதிமன்றம் நடத்தினார்கள். கற்பனை வழக்கு: ஒரு விதவை, தாலி கட்டியதற்கு ஒரு காகிதமும் இல்லை, அவள் மனைவியா இல்லையா. விதவை தரப்பில் லீலா. தமிழர் திருமண வழக்கத்தை எடுத்துச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்று என்னை அழைத்தாள். இருபத்து நான்கு ஆண்டுகளாக நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக நிற்கிறேன்; பிறர் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறேனே தவிர, நானாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆசை யாரை விட்டது? கோட்டு அணிந்து போனேன். ரத்தினம்மா பச்சைப் பட்டுப்புடவையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தாள். எதிர்த்தரப்பில் இப்ராஹீம் என்ற பையன், சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது அவர்களின் மகன், தாங்கள் சிறு வயதில் பார்த்திருக்கலாம். மிக மரியாதையாக எழுந்து, ஆவணம் இல்லாத ஒரு கூற்றை நீதிமன்றம் ஏற்கலாமா என்று கேட்டான். கூடாது என்றேன். நான் மணமானவனா என்று கேட்டான். ஆம் என்றேன். சான்றிதழ்? இல்லை. அழைப்பிதழ்? இல்லை. புகைப்படம்? ஒன்று எடுத்தார்கள், சப்பானியர் காலத்தில் தொலைந்தது. புரோகிதர்? 1938இல் காலமானார். அப்படியானால் நான் மணமானவன் என்பதற்கு என்னதான் ஆதாரம் என்றான். நான் லீலாவைச் சுட்டி, ஆதாரம் அதோ வழக்கறிஞர் இருக்கையில் அமர்ந்திருக்கிறது என்றேன். சிரிப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அவன் தலை வணங்கி, அவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், சாட்சியாக ஏற்க இயலாது, தவிரவும் சம்பவ நாளன்று அவர் அவ்விடத்தில் இல்லை என்றான். நீதிபதியாக அமர்ந்திருந்த விரிவுரையாளரே மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அவருக்கும் முன்னால் சிரித்தவள் மூன்றாம் வரிசையில் இருந்தவள். ஆனால் திரும்பி வரும்போது பேருந்தில் அவள் சிரிக்கவில்லை. நியூட்டன் வட்டம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், "அப்ப நான் யாரு?" என்றாள். என்னிடம் பதில் இருந்தது, ஆவணம் இல்லை.

மறுநாள் இப்ராஹீம் ஒரு டப்பா அல்வாவோடு வீட்டுக்கே வந்துவிட்டான். "அங்கிள், கோவிச்சுக்காதீங்க லா. கேஸுக்காகக் கேட்டதுதான். எங்களுக்கு வேற சட்டம், எங்க வாப்பா நிக்காஹ் ஏட்டுல பதிஞ்சிருக்கு. உங்ககிட்டயும் ஏதாச்சும் ஒரு காகிதம் இருக்கும்னு நெனச்சேன், நீங்கதான் பஸ் டிக்கெட்டையே ஃபைல் பண்ற ஆளாச்சே" என்றான். ரத்தினம்மா அவனுக்கு இரண்டாவது முறை இட்லி வைத்தாள். எனக்கு இரண்டாவது முறை வைத்ததாக நினைவில்லை.

சாசனத்தின்படி பழைய திருமணங்கள் அப்படியே செல்லும், பதிவு கட்டாயமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விரும்புகிறவர்கள் இருவருமாக அலுவலகத்தில் தோன்றி, திருமணம் நடந்ததற்குச் சாட்சியம் காட்டி, பதிந்துகொள்ளலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. ஐந்து ஆண்டில் எனக்கு ஓய்வு. என் காலத்துக்குப் பிறகு ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஓர் இளைஞன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரத்தினம்மாவைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்கக்கூடாது. அதனால் ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு அவளை அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகம் சென்றேன். விவரம் ஏதும் சொல்லவில்லை; ஒரு கையெழுத்துப் போட வேண்டும், புறப்படு என்று மட்டும் சொன்னேன். இதுவே என் முதல் பிழை என்று லீலா கருதுகிறாள். அவளும் விடுப்பெடுத்துக்கொண்டு உடன் வந்திருந்தாள். எதற்கு வருகிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அதிகாரி ஒரு சீன வாலிபர், நல்ல பண்பாளர். ரத்தினம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றதும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அன்று விடுப்பு. மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தலைவன் என்ற முறையில் அந்த விடுப்பில் கையொப்பமிட்டவன் நானே. அதிகாரி என்னைப் பார்த்து, தாங்கள்தான் இருக்கிறீர்களே என்றார். விண்ணப்பதாரரே மொழிபெயர்ப்பது முறையல்ல என்று ஆட்சேபித்தேன். தங்கள் நேர்மையை இத்தீவில் யாரும் ஐயுறமாட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மனிதனைக் கவிழ்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. எங்கள் தொழிலில் விதி ஒன்றுதான் என்பது தாங்கள் அறியாததல்ல: பேசுபவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்லவேண்டும், ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது. அதிகாரி ரத்தினம்மாவை நோக்கி, இந்த விண்ணப்பத்துக்குத் தங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள்.

"இந்தச் சீனப் புள்ள கேக்குது பாருங்க, சம்மதமான்னு. இருபத்தஞ்சு வருசத்துல என்னைய இப்படிக் கேட்ட மொத ஆளு இதுதான்" என்றாள். மொழிபெயர்த்தேன். 'சீனப் பிள்ளை' என்பதையும் விடவில்லை. அவர் புன்னகைத்து, மேலே சொல்லுங்கள் என்றார். சொல்லியிருக்க வேண்டாம்.

"கல்யாணம் பேசி முடிச்சப்ப நான் கொல்லையில உளுந்து ஆட்டிக்கிட்டு இருந்தேன். எங்கப்பா வந்து, ஜூன் பத்துன்னாரு. யாருக்குன்னேன். உனக்குத்தான்னாரு. அவ்வளவுதான் என் சம்மதம். சரி, அந்தக் காலம் அப்படி. அப்புறம் சப்பான்காரன் வந்தான். குண்டு விழுதுன்னு இவரு முக்கியமான காகிதம் பதினொண்ண லிஸ்டு போட்டு, பிஸ்கட் டின்னுல வெச்சு, கொய்யா மரத்தடியில பொதைச்சாரு. லிஸ்டுல சைக்கிள் லைசென்ஸ் இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகை இல்ல. இப்ப மாத்திரம் கல்யாணத்துக்கு ரெக்கார்டு வேணுமா? இவரக் கேளுங்க, பதில் சொல்லச் சொல்லுங்க."

மைத்துனர் அவர்களே, இதை நான் முழுவதுமாக, தன்மை இடத்தில், தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன். உளுந்தை ஆட்டினேன். கொல்லையில் நின்றேன். என் கணவர் சைக்கிள் உரிமத்தைப் புதைத்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, இது உண்மையா என்று என்னைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சாட்சியம் கூற இயலாது, கேள்வியைத் தயவுசெய்து விண்ணப்பதாரரிடம் கேளுங்கள் என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்து, விண்ணப்பதாரர் எங்கே என்றார். நான்தான் என்றேன். பிறகு நாற்காலியை மாற்றிக்கொண்டு அமர்ந்து, உண்மைதான் என்றேன். அப்போது லீலா எழுந்து, என் கட்சிக்காரருக்கு யோசிக்க அவகாசம் வேண்டும் என்றாள். இவர் இன்னும் தேர்வே எழுதாதவர், வழக்கறிஞராக அனுமதி பெறாதவர், இவருடைய கட்டணத்தைக் கட்டுபவன் நான் என்று ஆட்சேபித்தேன். முதல் இரண்டும் பதிவாயின. வழக்கு பிப்ரவரி இருபதுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று திருமணம் நடந்ததற்குச் சாட்சியமும் வேண்டும், ரத்தினம்மாவின் சம்மதமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விண்ணப்பம் தள்ளுபடி.

அந்தப் பட்டியலில் அழைப்பிதழை ஏன் விட்டேன் என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். மனம் அறிய விட்டதல்ல. அழைப்பிதழ் என்பது நிகழ்ச்சி முடிந்ததும் காலாவதியாகும் ஆவணம் என்று வகைப்படுத்தியிருந்தேன். அன்று எந்த அதிகாரி எதைக் கேட்பான் என்ற ஒரே கணக்கில்தான் காகிதங்களைத் தேர்ந்தெடுத்தேன். சைக்கிள் உரிமத்தை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள்; எனக்கு மனைவி உண்டா என்று ஒருவன் கேட்கக்கூடும் என்பது அந்த நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. பூமி கிழக்கே சுழல்வதற்கு யாராவது ரசீது வைத்திருக்கிறார்களா? இதை அவளிடம் சொன்னேன். "இதக் கல்யாணமான வருசமே சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். முகம் சற்று இளகியதாகப் பட்டது. ஆனால் இது என் ஊகம், சாட்சியமாகாது.

அன்று முதல் நான் எதையும் கேட்டே செய்கிறேன். இன்று என்ன சமைக்கலாம் என்று எண்ணுகிறாய் என்று கேட்டேன். "என்ன, ஒடம்புக்கு முடியலியா?" என்றாள். சனிக்கிழமை நியூ வோர்ல்டில் படம் பார்க்கலாமா என்று கேட்டேன். எந்தப் படம் என்று என்னைக் கேட்காமல் இப்ராஹீமைக் கேட்டாள். தேக்கா மார்க்கெட்டுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறேன். மீன்காரி முத்தாயி, மார்க்கெட்டில் பாதிப் பேர் கேட்கும்படி, "என்னா ஐயா, கோர்ட்டுல லீவா, இல்ல வீட்டுல தீர்ப்பா?" என்கிறாள். லீலாவோ தன் வகுப்பில் இதையெல்லாம் ஒரு நடப்பு வழக்காகச் சொல்லிவிட்டாள். இப்போது அந்த மாணவர்கள் என்னைச் சாலையில் கண்டால் நின்று, "இருபதாம் தேதி என்ன ஆகும் அங்கிள்?" என்று விசாரிக்கிறார்கள். கோவிந்தசாமி எதிர் ரத்தினம்மா என்று கரும்பலகையில் எழுதி, இருதரப்பிலும் அணி பிரிந்திருக்கிறதாம். என் தரப்பில் இதுவரை ஒருவன்தான். சிற்றுண்டிச் சாலை வாசலை மாற்றிக்கொண்ட அந்த மருத்துவ மாணவன்.

ஆகவே சாட்சியம். மணநாளில் உடனிருந்தவர்களில் இன்று உயிரோடும் எழுத்தறிவோடும் இருப்பவர் தாங்கள் ஒருவரே. இதில் ஓர் இடர் உண்டு என்பதையும் மறைக்கமாட்டேன். முகூர்த்தம் காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை. சர்பத்துக்கு வைத்திருந்த ஐஸ் கட்டி மரத்தூளிலேயே கரைந்துவிட்டதால், தாங்கள் ஒன்பதரைக்கு வேறு ஐஸ் வாங்க ரிக்‌ஷாவில் போனீர்கள். தாலி ஏறியபோது தாங்கள் பந்தலில் இல்லை. ஐஸோடு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தீர்கள், கெட்டிமேளம் மட்டும் கேட்டீர்கள். மாமா கேட்டது வெறும் செவிவழிச் செய்தி, செல்லாது என்கிறாள் லீலா. நான் முற்றிலும் மறுக்கிறேன். பிறர் சொல்லக் கேட்டதுதான் செவிவழிச் செய்தி. மேளத்தைத் தன் காதாலேயே கேட்பது நேரடிச் சாட்சியம். எனவே தாங்கள் பார்த்ததாக ஒன்றும் எழுதவேண்டாம். பந்தலை விட்டுப் போகும்போது என் தங்கை கழுத்தில் தாலி இல்லை, வாசலில் கெட்டிமேளம் கேட்டேன், உள்ளே வந்தபோது தாலி இருந்தது, இடைப்பட்ட நேரத்தில் நான் ஐஸ் வைத்திருந்தேன் என்று மட்டும் எழுதினால் போதும். வாசகம் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். கோடிட்ட இடத்தில் தங்கள் அடையாள அட்டை எண். கூடவே, உரிமையோடு ஒரு வேண்டுகோள். ரத்தினம்மாவுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். சட்டத்தைப் பற்றி வேண்டாம். என்னைப் பற்றி ஏதாவது நல்லதாக, தங்கள் மனச்சாட்சி இடம் தருமளவுக்கு.

அண்ணிக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் கல்வியிலும், பதிவு செய்யப்பட்ட இல்லறத்திலும் சிறந்து நெடுங்காலம் வாழ இறைவன் அருள்வானாக.

தங்கள் மைத்துனன் என்று இருபதாம் தேதி வரை நம்பும்,
கோவிந்தசாமி

பின்குறிப்பு, மணி 12.05: உறையை ஒட்டுமுன், மறுதரப்பையும் கேட்பதே நியாயம் என்பதால் இக்கடிதத்தை ரத்தினம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். தானும் சில வரிகள் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும் என்கிறாள். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

'அண்ணே, நல்லா இருக்கீங்களா, அண்ணி முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லுங்க. நீங்க ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம். கல்யாணப் பத்திரிகை என் டிரங்குப்பெட்டியில பச்சைப் புடவைக்கு அடியில இருக்கு. போட்டோவும் இருக்கு, ஒரு மூலை மட்டும் பூச்சி அரிச்சிருக்கு. இவரு டின்ன பொதைச்ச அன்னிக்கே நான் ரெண்டையும் இடுப்புல சுத்திக்கிட்டேன், சப்பான்காரன் போற வரைக்கும் அவுக்கல. இதெல்லாம் லீலாவுக்கும் தெரியும்.'

இதுவரை எழுதிவிட்டு, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இடையில் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதையும் எழுதச் சொல்கிறாள்: 'இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஊரெல்லாம் கேட்டாரு, ஈப்போவுக்கே எழுதிக் கேட்டாரு.'

ஆகவே மேலே உள்ள கடிதம் முழுவதும் திரும்பப் பெறப்படுகிறது. உடனே முறைப்படி, இருபதாம் தேதி சம்மதம் தருவாயா, அன்று நடுநிலையான வேறொரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யட்டுமா என்று அவளைக் கேட்டேன். அவள் பதில்: 'வேற ஆளு வேணாம், நீங்களே நில்லுங்க. அந்தப் புள்ள கேக்கும்போது நான் தமிழ்ல சொல்லுவேன். எனக்குச் சம்மதம்னு நீங்க உங்க வாயால இங்கிலீஷ்ல சொல்லணும். அத நான் கேக்கணும்.'